பதினோரு குடமாக நிற்கும் மாமனார்

கோவில்பட்டி
மே மாதம், புதன்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறும் நேரம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அஃப்ஜல் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமனார் குலாம் ரசூல் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே நானும் உங்கள் மாமி ரசூல் பீவியும் உயிரோடு இருக்கிறோம். 'நலமாக இருக்கிறோம்' என்று எழுதுவதுதான் முறை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஐம்பத்தொன்பது வயதில் புதிதாக ஒரு பொய்யை எழுதி மறுமைக்குச் சுமந்துபோக விருப்பமில்லாததால் 'உயிரோடு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே புனேயில் நீங்களும் மகள் ஆசிபாவும் நல்ல சுகத்துக்கும், குளிர்ந்த அறைக்கும், திறந்தால் வருகிற குழாய்க்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது காகிதத்தில் எழுதுவார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். போனில் பேசினால் மரியாதை தவறிவிடுமோ என்று பயம். மாப்பிள்ளையை மாமனார் ஏசினார் என்ற பேச்சு எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. காகிதம் என்றால் வாய்தவறி விழுகிற வார்த்தையை அடித்துவிடலாம். மேலே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் கறுப்பாகப் பூசியிருப்பது அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம். தவிர, உங்கள் மருந்து விஷயமாக வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பதினேழு குரல் செய்திகளுக்கும் நீல டிக் விழுந்ததே ஒழியப் பதில் விழவில்லை. காகிதத்துக்கு நீல டிக் கிடையாது. படித்தீர்களா இல்லையா என்று தெரியாமல் நிம்மதியாக இருக்கலாம்.

எங்கிருந்து எழுதுகிறேன் என்று கேளுங்கள். வீட்டிலிருந்து இல்லை, கடையிலிருந்தும் இல்லை. மேட்டுத் தெருக் குழாயடியில், தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டு, எனக்குக் கொடுத்த விருதின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். விருது நல்ல கெட்டியான பலகை. இதுவரை அதற்கு வேறு உபயோகம் இருக்கவில்லை. நான் தண்ணீர் பிடிக்க நிற்கவில்லை, மாப்பிள்ளை. நான்தான் குடம். ஒரு குடம் இல்லை, பதினோரு குடம். இந்த வரிசையில் மூன்றாவது, நான்காவது, ஒன்பதாவது, அப்புறம் பதினாறிலிருந்து இருபத்து மூன்று வரைக்கும் எல்லாம் நான்தான். இதைப் படித்துவிட்டு 'மாமாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது' என்று ஆசிபாவிடம் சொல்ல வேண்டாம். வெயில் ஏறியது உண்மை. ஆனால் நான் சொல்வதும் உண்மை.

முறையாகச் சொல்கிறேன். மாசி மாதம் உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று குருணை அரிசி மாதிரி. அன்று சாயங்காலமே நீங்கள் போனில் கூப்பிட்டு, 'மாமா, சாதாரண பிளாஸ்டிக்கில் இந்த மருந்தைக் கலந்தால் போதும், வெயில் பட்டதும் தானாக உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும், நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கிற சனியன் இரண்டே வருடத்தில் போய்விடும்' என்று சொன்னீர்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடமாகக் குடம் அடித்து விற்கிறவன் நான். விற்ற குடம் ஒன்றுகூட இன்னும் சாகவில்லை. ஆவுடைத்தாய் என்று ஒரு அம்மா, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் என்னிடம் ஒரு மஞ்சள் குடம் வாங்கினார். மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டான், குடம் அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'குலாம் பாய் குடம்னா குடம்தான்' என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது, இதைவிடப் பெரிய இடைஞ்சலும் கிடையாது. சரி, அது கிடக்கட்டும்.

பூமிக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் ('ஒரே எண்ணத்தில்' என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனிக்கவும்) அந்த மருந்தைக் குடத்தில் கலந்தேன். எதில் கலக்கலாம், எதில் கலக்கக் கூடாது என்று நீங்கள் தெளிவாகச் சொல்லவே இல்லை. அளவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் கரிசல் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பருத்திக்கு ஒரு மூடி பூச்சிமருந்து போதும் என்று கடைக்காரர் சொன்னால் மூன்று மூடி ஊற்றுகிற ஊர் இது. கடைக்காரர் கஞ்சத்தனமாகச் சொல்கிறார் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஆகையால் நானும் தாராளமாக அள்ளிப் போட்டேன். முந்நூறு குடம், எல்லாம் இலைப் பச்சை. வயிற்றில் 'மண்ணை மதிக்கும் குடம்' என்று வெள்ளை எழுத்து. பழைய குடத்தைக் கொடுத்தால் பாதி விலைக்குப் புதுக்குடம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னேன். ஜனங்கள் தங்கள் பழைய குடங்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதையெல்லாம் அரைத்து மறுபடி குடம் அடித்தேன். ஆவுடைத்தாயின் மஞ்சள் குடமும் அதில் போனது.

உடனே விருது வந்துவிட்டது. ஊரில் பசுமைக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்களும் மனிதர்கள்தான். எனக்கு 'மண் காத்த மாமணி' என்று பட்டம். மேடைக்குப் பின்னால் நாற்பதடிக்கு பிளக்ஸ், அதில் என் முகம் ஒரு தண்ணீர்த் தொட்டி அளவுக்கு. எனக்குப் போர்த்திய சால்வை பிளாஸ்டிக் உறையில் வந்தது, எனக்குக் கொடுத்த பூங்கொத்து பிளாஸ்டிக் தாளில் வந்தது, வந்திருந்த அத்தனை பேருக்கும் கடம்பூர் போளி, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், கூடவே ஒரு சின்ன தண்ணீர் பாட்டில். சங்கத் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். 'பிளாஸ்டிக்கை ஒழிக்க ஒரு பிளாஸ்டிக்காரரே அவதரித்திருக்கிறார்' என்றார். கூட்டம் கலைந்த பிறகு மைதானத்தைப் பார்த்தேன். அதைக் காக்க இன்னொரு மாமணி வேண்டும் போல இருந்தது. ஆனால் அன்றைக்கு உங்களை நினைத்துப் பெருமைப்பட்டேன், மாப்பிள்ளை. என் மருமகன் விஞ்ஞானி என்று மைக்கிலேயே சொன்னேன். அது ரெக்கார்டும் ஆகியிருக்கிறது.

முதல் அடி பங்குனி தாண்டி விழுந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய இருபது மக் நன்கொடை கொடுத்திருந்தேன். பச்சை மக், மேலே 'குலாம் ரசூல் அன்பளிப்பு' என்று ஸ்டிக்கர். ஹவுள் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் வெயில்படக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இமாம் அவர்கள் மக்கைத் தூக்கினால் காது மட்டும் கையோடு வந்தது. இன்னொன்றைத் தூக்கினார், அடி தங்கிவிட்டது. மூன்றாவது மக்கில் மருந்து தன் வேலையை முழுசாக முடித்திருந்தது. என் பெயர் எழுதின ஸ்டிக்கர் மட்டும் அதில் ஒட்டியிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்தது. தொழுகை முடிந்து வந்து பார்த்தால் என் செருப்புக்குப் பக்கத்தில் அந்த இருபது ஸ்டிக்கரையும் ஜமாஅத்தார் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்தது ஆவுடைத்தாய். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், இடுப்பில் நிறைகுடத்தோடு வந்தவருக்கு நடுரோட்டில் குடம் கழன்றுவிட்டது. உடையவில்லை, கழன்றது. வயிறும் அடியும் போய், கழுத்து வளையம் மட்டும் கையில் மாட்டிக்கொண்டது. நனைந்த சேலையோடு நேராகக் கடைக்கு வந்தார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

'என்ன பாய் அண்ணாச்சி, எனக்குக் குடம் வித்தீயளா, வளையல் வித்தீயளா?'

'அது வந்து தாயி, மண்ணுக்கு நல்லது...'

'மண்ணுக்கு நல்லதுதான். தண்ணி பூராவும் மண்ணுக்குத்தான் போச்சு. எனக்கு என்ன நல்லது செஞ்சீய?'

கடை வாசலில் வெயிலில் தொங்கிய இன்னொரு பச்சைக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடிக்க வெள்ளைக்காரனுக்குப் பீரங்கி வேண்டியிருந்தது. உங்கள் மருந்துக்கு எங்கள் வெயில் போதுமாக இருக்கிறது.

இதுவும் பெரிதில்லை. ஒரு குடம் போனால் இன்னொரு குடம். ஆனால் குழாயடியில் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு, ஆசிபாவுக்குத் தெரியும். எங்களுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வருகிற நாளுக்கு முன்னாலேயே ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்து, காற்றுக்கு உருளாமல் உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். எவர்சில்வர் குடத்தை அப்படி விட்டுப் போக முடியாது; திரும்பி வரும்போது குடமும் இருக்காது, இடமும் இருக்காது. பிளாஸ்டிக் குடத்தை எவனும் தொட மாட்டான். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. பெற்ற மகன் சத்தியம் செய்தாலும் நம்பாதவர்கள்கூடக் குடம் நிற்கிற இடத்தை மதிப்பார்கள்.

அன்றைக்கு அக்னி வெயில். வரிசையில் நாற்பது குடம், அதில் பதினொன்று நம்முடைய பச்சைக் குடம். ஏற்கெனவே நாற்பது நாள் வெயில் குடித்தவை. சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் பெண்கள் வந்து பார்த்தால், பதினோரு இடத்தில் பதினோரு கல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் பச்சைத் தூள். மேல்காற்று அடித்த அடியில் அந்தத் தூளும் பறந்துகொண்டிருக்கிறது. வெயிலுகந்தம்மாள் என்று இட்லிக் கடைக்கார அம்மா, அவருடைய குடமும் நம்முடையதுதான், மூன்றாவது கல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆவுடைத்தாய் வந்தார்.

'ஏட்டி, எந்திரி. அது என் கல்லு.'

'கல்லுல உன் பேரு எழுதியிருக்கா?'

'குடத்துல எழுதியிருந்துச்சு.'

'அந்தக் குடத்தக் காட்டு, எந்திரிக்கேன்.'

அதற்குப் பிறகு நடந்ததை மாப்பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் எழுத முடியாது. பத்து வருடமாக ஒரே தட்டில் இட்லி பங்கு வைத்தவர்கள், மாப்பிள்ளை. இரண்டு பேர் கொண்டையும் அவிழ்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் 'கல்லு செல்லாது, குடம் இல்லைன்னா இடம் இல்ல' என்று முன்னால் ஏறி வந்துவிட்டார்கள். பதினோரு வீட்டுக்கும் அன்றைக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆவுடைத்தாய் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. பக்கத்துத் தெருவில் போய்க் கெஞ்சி இரண்டு வாளி வாங்கி வந்தார். என்னைத் தாண்டித்தான் போனார். 'குலாம் பாய் குடம்னா குடம்தான்' என்று சொல்லவில்லை.

மறுநாள் கருப்பசாமி வந்தார். பசுவந்தனை ரோட்டில் தெருவை ஒட்டினாற்போல் நிலம் வைத்திருக்கிற சம்சாரி. துண்டில் ஒரு கூறு மண்ணை முடிந்து கொண்டுவந்து என் மேஜை மேல் அவிழ்த்தார். நல்ல கரிசல், கோடை உழவு போட்ட மண், அதில் ஊடே ஊடே பச்சைப் பொடி. நான் முந்திக்கொண்டு, 'அண்ணாச்சி, கவலைப்படாதீங்க, அது மண்ணோட மண்ணா ஆயிரும், எங்க மாப்பிள்ளை விஞ்ஞானி' என்றேன்.

'எங்கன பாய் ஆயிருக்கு? இங்கன பாருங்க. மக்கினா கறுத்துப் போவும், வாடை வரும், மண்புழு வரும். எங்க குப்பைக்குழில நாப்பது வருசமா பாக்குதேன், எனக்குத் தெரியாதா? இது மக்கல. பொடிஞ்சிருக்கு, அம்புட்டுத்தான்.'

'வித்தியாசம் என்ன அண்ணாச்சி?'

'முழுக்குடமா வந்து விழுந்துச்சுன்னா குனிஞ்சு எடுத்து வேலிக்கு அங்கிட்டு எறிஞ்சிருவேன். இப்ப என் காட்டுல லட்சம் குடம் கிடக்கு. எதைக் குனிஞ்சு எடுக்க? நிலம் வெடிச்சுக் கிடக்கு, பூராவும் வெடிப்புக்குள்ள இறங்கிட்டு. மழை பெஞ்சு வெடிப்பு மூடுச்சுன்னா ஏழு தலைமுறைக்கும் உங்க குடம் என் காட்டுல பத்திரமா இருக்கும்.'

விவசாயிகளுக்கு விஞ்ஞானம் புரியாது என்று சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் மேஜையில் மண் கிடக்கிறது, மண்ணில் பச்சை கிடக்கிறது. படிக்காத மனிதர் ஒரு பிடி மண்ணில் பார்த்ததை, மைக்ராஸ்கோப் வைத்திருக்கிற கம்பெனியில் நீங்கள் யாரும் பார்க்கவில்லையா? பெரிய குப்பை கண்ணுக்குத் தெரிகிறது என்று அதைச் சின்னதாக்கி, கண்ணுக்குத் தெரியாததால் ஒழிந்துவிட்டது என்று சர்ட்டிபிகேட் கொடுக்கிறீர்களே, இது என்ன நியாயம்? வீட்டைக் கூட்டச் சொன்னால் பாய்க்கு அடியில் தள்ளுகிற மருமகளைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு யாரும் சம்பளமும் காரும் கொடுக்கவில்லை. (மன்னிக்கவும். இதை அடித்திருக்க வேண்டும். மை கொஞ்சம்தான் இருக்கிறது.) பசுமைச் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். 'குடம் உதிர்ந்ததா? அப்படியானால் வெற்றி அல்லவா! அடுத்த விழாவில் பேசலாம்' என்று கைகொடுத்தார். விருதைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் வழக்கு கண்ணபிரான் சாரிடம் போனது. கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குழாயடி வரிசைக்கு நோட்டுப் போட்டு நடத்துகிறவர் அவர்தான். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: 'குடமென்பது வரிசையில் அதை வைத்தவரின் பிரதிநிதி. பிரதிநிதி காலமாகிவிட்டால் வாரிசு வந்து நிற்க வேண்டியது. குடத்துக்கு வாரிசு யார்? குடத்தைப் பெற்றவர். ஆகவே குலாம் பாய் நிற்கட்டும்.' புதுக்குடம் தருகிறேன், மருந்தில்லாத குடம், இலவசமாகத் தருகிறேன் என்று கெஞ்சினேன். பதினோரு பேரும் ஒரே குரலில், 'உங்க குடம் வேண்டாம் பாய், நீங்களே நில்லுங்க' என்றார்கள். முப்பத்தொரு வருட வியாபாரத்தில் என் பொருளை வேண்டாம் என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பதினோரு பேர் சொன்னார்கள்.

ஆக, தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் காலையிலிருந்தே வந்து நிற்கிறேன். இது இரண்டாவது முறை. மூன்றாம் இடத்தில் நின்றால் பதினாறாம் இடத்தை எவனாவது பிடிக்கிறான். பதினாறுக்கு ஓடினால் ஒன்பதாம் இடத்துக்கு ஆபத்து. நேற்று குடை விரித்தேன். வெயிலுகந்தம்மாள் இட்லிக் கடையிலிருந்தே சத்தம் போட்டார்: 'குடத்துக்கு எதுக்குங்க பாய் குடை?' மடக்கிவிட்டேன். கண்ணபிரான் சாரிடம் நியாயம் பேசப் போனேன். 'குடம் பேசி நான் கேட்டதில்லை' என்றுவிட்டு நோட்டை மூடிவிட்டார். உட்கார்ந்தால் 'குடம் சாயுது பாரு' என்கிறார்கள். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். நானும் வெயிலில் நிற்கிறேன், நானும் பழசு, எந்த நேரம் உதிர்வேனோ தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடுகிறார்கள். குடம் ஏன் உதிர்ந்தது, யார் குற்றம் என்று கண்ணபிரான் சார் கேட்பார். பதில் சரியாக இருந்தால் எனக்கு விடுதலை, கடைக்கு மறுபடி வருவார்கள். இல்லையென்றால் இந்தத் தெருவில் இனி ஒரு வாளிகூட நான் விற்க முடியாது. கடை போனால் போகட்டும், வேறு பிழைப்புப் பார்க்கலாம். ஆனால் என் பெயரைச் சொன்னால் தூள் என்று அர்த்தமாகிவிடும், அதை எப்படித் தாங்குவது? ஆகவே நான் அவர்களிடம் சொல்லிவிட்டேன்: 'எனக்கு ஒன்றும் தெரியாது, மாப்பிள்ளை கொடுத்தார், கலந்தேன், மாப்பிள்ளையே வந்து சொல்வார்' என்று. வெள்ளிக்கிழமை ரயிலேறிவிடுங்கள் என்று எழுதலாம் என்று பார்த்தேன், நேரம் போதாது, விமானத்தில் வாருங்கள். வந்து, எல்லோர் முன்னாலும் நின்று, 'தவறு எங்கள் மருந்தில்தான், மாமா மேல் ஒரு தூசியும் இல்லை' என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. உங்களை இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? சொல்லிவிட்டுப் போய்விடலாம். நான் இங்கேயே இருந்து இவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

உங்கள் மனம் நோகும்படி எதுவும் எழுதியிருந்தால் வெயிலின் மேல் போட்டுக்கொள்ளவும். ஆசிபாவுக்கு என் துஆ. இறைவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், உழைக்கக்கூடிய சாமான்களையும், மாமனார் சொல்லைத் தட்டாத மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் வருகையை வரிசையில் நின்று எதிர்பார்க்கும் மாமனார்,
குலாம் ரசூல்

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு மாமி ரசூல் பீவி சலாம் சொல்லி எழுதுதேன். மத்தியானம் இவியளுக்குச் சோறு கொண்டுபோனப்ப இந்தக் காயிதத்தக் கையில குடுத்து, 'படிக்காத, இங்கிலீசுல விலாசம் எழுதி ஒட்டிப் பெட்டியில போட்டுரு'ன்னாவ. படிக்காதன்னு சொன்னதால வீட்டுல வந்து முழுசாப் படிச்சேன்.

மாசி மாசம் நீங்க பேசினப்ப போனு ஸ்பீக்கர்ல கிடந்துச்சு. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். 'மாமா, இது நாத்துப் பைக்கு மட்டும் பாக்கச் சொல்லி அனுப்பின சாம்பிளு, தண்ணி ஊத்தி வைக்கிற எதுலயும் கலந்திராதீங்க, நூறு கிலோவுக்கு ஒரு கிலோவுக்கு மேல போடாதீங்க'ன்னு மூணு தடவ சொன்னீங்க. மூணு தடவையும் இவிய 'சரி மாப்பிள்ளை'ன்னாவ. போனை வச்ச கையோட என்னையப் பாத்து, 'பீவி, ஒரு குடம் பன்னெண்டு வருசம் உழைச்சா குடம் அடிக்கிறவன் எப்படிப் பொழைப்பான்? வருசத்துக்கு ஒருக்கா உடையட்டும், நமக்குக் குறைவில்ல'ன்னாவ. வருசம்னு நினைச்சுத்தான் போட்டாவ, வெயிலு நாப்பது நாள்ல முடிச்சிட்டு. பூமி மேல உள்ள பாசமெல்லாம் சால்வை போத்தின அன்னைக்கு வந்ததுதான்.

ஆவுடைத்தா அந்த மஞ்சக் குடத்தத் தர மாட்டேன்னுதான் சொன்னா. இவியதான் அவ வீட்டு வாசல்ல போயி நின்னு, 'என்னைய நம்பித் தா தாயி'ன்னு வாங்கிட்டு வந்தாவ. அதுதான் எனக்குப் பொறுக்கல.

உங்க மருந்து யோக்கியம்னு நான் சொல்லல. கருப்பசாமி அண்ணன் கொண்டுவந்த மண்ண நானும் பாத்தேன். நாத்துப் பையில போட்டாலும் அந்தப் பொடி அந்த மண்ணுலதான் கிடக்கும். அத நீங்களும் உங்க கம்பெனியும் என்னைக்காவது பதில் சொல்லித்தான் ஆவணும். ஆனா சனிக்கிழமை வராதீங்க. பதினேழு செய்திக்கும் பதில் போட வேண்டாம்னு ஆசிபாகிட்ட சொன்னது நான்தான். வாப்பா தானா ஒத்துக்கிடட்டும்னு பாத்தேன். பத்து நாளாச்சு, வெயில்ல நிக்காவளே ஒழிய வாயத் திறக்கல. இப்ப உங்க தலையில கட்டப் பாக்காவ. மனசு கேக்காமத்தான் மோர் கொண்டுபோயிக் குடுத்துட்டு வாரேன், இவியளப் பாக்கவும் பாவமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பதினோரு வீட்டையும் பாக்கணும்லா.

தபால் பெட்டி குழாயடியத் தாண்டித்தான் இருக்கு. சாயங்காலம் தண்ணி வரும்னு எல்லாப் பொம்பளைகளும் அங்கனதான் நிப்பாவ, இவியளும் அங்கனதான் நிக்காவ. போற வழியில இத முதல் வரியில இருந்து நான் எழுதினது வரைக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் பெட்டியில போடப்போறேன். இந்தக் காயிதம் உங்க கைக்கு வந்து சேந்துச்சுன்னா, ஆவுடைத்தா கேட்டாச்சுன்னு அர்த்தம்.